டைசென் மலையும் நான் அடித்த ஆணிகளும்

ஜப்பானுக்குப் போய் வந்தவன் என்று தாராவியில் என்னைக் கொஞ்ச காலம் மரியாதையாகத்தான் நடத்தினார்கள். தோல் பதனிடும் ஷெட்டில் வேலை முடிந்து குழாயடியில் கை கழுவும்போது யாராவது கேட்பார்கள்: "ஏய் இசக்கி, அங்க பொம்பளைங்க எல்லாம் பொம்மை மாதிரி இருப்பாளுவளாமே?" "ஆமா" என்பேன். "சாப்பாடு?" "மீனைப் பச்சையாவே திம்பான்" என்பேன். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். டைசென் மலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அப்படி ஒரு மலை இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. நானும் சொன்னதில்லை.

நான் சண்டை போட்டவன் இல்லை. யுத்தத்தின்போது தோல் வேலை தெரிந்தவர்கள் வேண்டும் என்று தாராவிக்கே வந்து ஆள் எடுத்தார்கள். பூட்ஸ் தைக்கவும் பழுது பார்க்கவும் சேர்ந்தேன். ஜப்பான் தோற்ற பிறகு அந்த நாட்டில் காவல் இருக்கப் போன இந்தியப் படையோடு, நாற்பத்தாறில், என்னையும் கப்பலில் ஏற்றினார்கள்.

எங்கள் கம்பெனி ஆபீஸில் ஹவில்தார் கிளார்க்காக இருந்தவர் சுந்தரேசன். மாதுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். பம்பாயில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு ரயில் பாதைதான். அங்கேயே இருந்திருந்தால் ஆயுசு முழுக்க நாங்கள் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். ஜப்பானில் தமிழ் பேச ஆள் கிடைக்காமல் அவரே என் கூடாரத்துக்கு வந்தார். எனக்கு வந்த இங்கிலீஷ் காகிதங்களைப் படித்துச் சொல்வார். ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆறு மாதத்தில் ஜப்பானிய பாஷையும் கற்றுக்கொண்டார். அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு.

டைசென்னை முகாமிலிருந்தே பார்க்கலாம். மேற்கே நின்று பார்த்தால் நெல்லைக் குவித்து வைத்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரே சரிவு. இந்தப் பக்கத்து ஃபூஜி இதுதான் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். எங்கள் கேப்டன் வெள்ளைக்காரர், முப்பது வயதிருக்கும், மலை ஏறுவதில் பைத்தியம். அக்டோபரில் ஒருநாள் தம் மலை பூட்ஸைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார். அடியைச் சுற்றிப் பல் மாதிரி இரும்பு ஆணிகள் அடித்த பூட்ஸ். பாதி ஆணி உதிர்ந்திருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து பழைய ஆணிகள் அத்தனையையும் பிடுங்கி, அடித்தோலை மாற்றி, புதிதாக அடித்துக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்தவர், "நீயும் வா. வழியில் ஏதாவது ஆனால் வேண்டும்" என்று ஹிந்துஸ்தானியில் சொன்னார். பேச்சுக்குச் சுந்தரேசன், பூட்ஸுக்கும் மூட்டைக்கும் நான்.

முதல் நாள் ஜீப் பாதி வழியில் நின்றுவிட்டது. டிரைவரை அதோடு விட்டுவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறினோம். அந்த பஸ்ஸுக்குப் பெட்ரோல் கிடையாது. பின்னால் ஓர் அடுப்பு. அதில் கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டுகிறார்கள். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். கண்டக்டர் பெண் ஏதோ சொல்ல, எல்லோரும் மறுபேச்சில்லாமல் இறங்கித் தள்ளினார்கள். தாதர் டிராமில் இப்படி ஒருமுறை தள்ளச் சொல்லிப் பார்க்கட்டும், கண்டக்டரின் பரம்பரையையே இழுத்துவிடுவார்கள். நானும் இறங்கித் தள்ளினேன். என் பக்கத்தில் தள்ளிய கிழவி என் கையைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், சிரித்தாள். கேப்டன் இறங்கவில்லை. சுந்தரேசன் இறங்கினார், தள்ளவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு பழைய புத்தர் கோயிலும் அதைச் சுற்றிச் சில விடுதிகளும். ஒரு காலத்தில் அங்கே பெரிய மாட்டுச் சந்தை கூடுமாம். இப்போது மாடும் இல்லை, சனமும் இல்லை. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் திடுக்கிட்டேன். மேற்கே நெற்குவியலாகத் தெரிந்த மலை, வடக்கே இடிந்து விழுந்த சுவராக நின்றது. கொத்திக் கொட்டியது போல் செங்குத்தாக, சாம்பல் நிறத்தில், ஒரு புல் இல்லாமல். கீழே பள்ளத்தாக்கு முழுக்க உருண்டு வந்த கல். நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே மேலே எங்கேயோ சரிந்தது. காது கொடுத்துக் கேட்டால் அந்தச் சத்தம் ஓயவே இல்லை.

"எரிமலையா இருந்ததாம். பாறையே இல்லே, வெறும் கல்லும் சாம்பலும் அடுக்கினது. குளிர்காலத்திலே தண்ணி உள்ளே போய் உறைஞ்சு வெடிக்கறதாம். வருஷா வருஷம் கரைஞ்சிண்டே போறது" என்று சுந்தரேசன் விளக்கினார். அவருக்கு அதைச் சொன்னவர் எங்கள் வழிகாட்டி ஒகாமோட்டோ. நாற்பது வயது, குட்டை, உருண்டு திரண்ட கெண்டைக்கால். குளிர்காலத்தில் வேட்டை, மற்ற நாளில் யாத்திரைக்காரர்களை மேலே கூட்டிப்போவது. யுத்தத்துக்குப் பிறகு யாத்திரைக்காரர்களே வருவதில்லை. வழிகாட்டிக்கு வேலை கொடுப்பது பட்டாளத்து ஆட்கள்தான்.

விடுதியில் நாங்கள் கொண்டுபோன அரிசியைச் சமைத்துச் சுட்ட உப்புமீனோடு வைத்தார்கள். நம் கருவாடுதான், வயிறு நிறையத் தின்றேன். சுந்தரேசன் தம் டப்பாவில் இருந்த மோர்மிளகாயை வைத்துக்கொண்டு மூலையில் தனியாகச் சாப்பிட்டார். சமையல்கட்டைக் கடந்து போனபோது விடுதிக்காரர்கள் சாப்பிடுவதைப் பார்த்தேன். வேகவைத்த சர்க்கரைவள்ளித் தண்டும் முள்ளங்கியும். எங்கள் அரிசியிலிருந்து ஒரு பருக்கை அவர்கள் எடுக்கவில்லை. தோற்றவர்கள் என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்களை யார் ஜெயித்தவர்கள் என்று சொன்னது என்பதும் அப்போது தோன்றாமல் இல்லை.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஏறினோம். அங்கே மலையைப் பத்துப் படிநிலைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். ஐந்தாவது வரை மரக்காடு. இலையெல்லாம் மஞ்சளாகி, வெயில் பட்டதும் காடே மஞ்சள் பூசிக்கொண்டது போல் இருந்தது. வழி முழுக்க மரவேர்தான் படி. ஒகாமோட்டோ வைக்கோலால் பின்னிய செருப்புப் போட்டிருந்தார். மாற்றுக்கு இரண்டு ஜோடி இடுப்பில். உட்கார்ந்த இடத்தில் ஒன்றை வாங்கிப் பார்த்தேன். ஒரு பகலுக்குமேல் தாங்காது. ஆனால் ஈரக் கல்லில் அது பிடித்த பிடி என் ஆணிக்கு வராது. நான் பின்னலை விரலால் தடவிப் பார்ப்பதைக் கண்டு, இழுத்துக் கட்டும் விதத்தைச் செய்து காட்டினார். பிறகு கேப்டனின் பூட்ஸைச் சுட்டி, என்னைச் சுட்டி, "நீயா?" என்பதுபோலத் தலையை ஆட்டினார். ஆமாம் என்றேன். குனிந்து ஆணிவரிசையைப் பார்த்துவிட்டு ஒரு சின்ன வணக்கம் போட்டார். பம்பாயில் எந்தத் தோல் வியாபாரியும் என் வேலைக்கு அப்படிச் செய்ததில்லை.

ஆறாவது கல்லுக்கு மேலே மரம் இல்லை. முழங்கால் உயரத்துக்கு ஒரு கெட்டிப் புதர், பச்சைக் கம்பளம் மாதிரி உச்சிவரை. காற்றும் பனியும் மேலே வளர விடாமல் அழுத்தி வைத்திருக்கின்றன. பத்தாவது கல்லை அடைந்தபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. கீழே கடல். வில்லை வளைத்தது போல ஒரு நீண்ட மணல் திட்டு கடலுக்குள் போனது. எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றுமே தோன்றவில்லை. உப்புப் பழம் வைத்த சோற்று உருண்டையை ஒகாமோட்டோ கொடுத்தார். அந்தப் புளிப்பில் பல் கூசியது. இத்தோடு இறங்கியிருந்தால் இதை ஒரு நல்ல பயணமாக எழுதியிருப்பேன்.

ஆனால் அது உச்சி இல்லை. ஆட்கள் வந்து நிற்கிற இடம் அவ்வளவுதான். உண்மையான உச்சி கிழக்கே, கொஞ்ச தூரத்தில், இதைவிட ஓர் அறுபது அடி உயரத்தில் இருந்தது. நடுவே முகடு. இரண்டு பக்கமும் சரிந்துபோய், சில இடத்தில் ஓர் ஆள் கால் வைக்கிற அகலம்கூட இல்லை. கேப்டன் அந்த அறுபது அடியைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றார். தின்று முடித்து எழுந்து முகட்டில் நடக்க ஆரம்பித்தார்.

ஒகாமோட்டோ ஓடிப்போய் அவர் முன்னால் நின்று இரண்டு கையையும் விரித்தார். "அபுனாய்! அபுனாய்!" என்றார். பிறகு வேகமாக நிறையச் சொன்னார். மூன்று விரலைக் காட்டினார், மண்ணைக் காட்டினார்.

"என்ன சார் சொல்லுதாரு?" என்று கேட்டேன்.

"மூணு வருஷம் முன்னாடி பூகம்பம் வந்ததாம். அதுலேர்ந்தே முகடு லொடலொடன்னு இருக்காம். போன மாச மழைக்கு அப்புறம் அவனே போகலையாம்" என்றார் சுந்தரேசன். அதையே இங்கிலீஷில் கேப்டனிடமும் சொன்னார். சொன்னதை நான் பார்த்தேன். கேப்டன் சிரித்தார். ஒகாமோட்டோவின் தோளைத் தட்டி, அப்படியே அவரை ஓரமாக நகர்த்திவிட்டு நடந்தார்.

பத்துப் பதினைந்து அடி போயிருப்பார். வழுக்கவில்லை. அவர் நின்ற இடமே, ரொட்டியில் ஒரு துண்டு விண்டதுபோல, அவரோடு சேர்ந்து தெற்குப் பக்கம் போய்விட்டது. ஓடி எட்டிப் பார்த்தோம். நாலு ஆள் ஆழத்தில் ஒரு திட்டில் கிடந்தார். ஒரு கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கத்திக்கொண்டிருந்தார்.

ஒகாமோட்டோ கயிற்றைத் தம் இடுப்பில் கட்டினார். மறுமுனையை நானும் சுந்தரேசனும் பிடித்தோம். இறங்கிப்போய், கயிற்றை அவிழ்த்து கேப்டனுக்குக் கட்டிவிட்டுக் கையை அசைத்தார். எங்களிடம் இருந்தது ஒரே கயிறு. உள்ளங்கைத் தோல் உரிய உரிய இழுத்து மேலே போட்டோம். முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. கத்தியை எடுத்து அறுத்தேன். கயிற்றைத் தூக்கிக்கொண்டு விளிம்புக்குப் போனால், திட்டு இல்லை. ஒகாமோட்டோ கத்தவும் இல்லை. கீழே வெகுநேரம் கல் போய்க்கொண்டே இருக்கும் சத்தம் மட்டும்.

கேப்டனின் கால் வீங்கியிருந்தது. பூட்ஸைக் கழற்ற முடியாமல் தையலோடு அறுத்து எடுத்தேன். அப்போது அடியைப் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. ஓர் ஆணிகூடக் குறையவில்லை.

பாதி வழிவரை அவரை முதுகில் சுமந்தேன். பிறகு ஊர்க்காரர்கள் வந்தார்கள்.

மூன்றாம் நாள் தெற்குப் பள்ளத்தாக்கில் உடலைக் கண்டுபிடித்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒகாமோட்டோவின் மனைவி வந்தாள். அழவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் எதிரில் நின்று ஏதோ கேட்டாள். சுந்தரேசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன கேக்கா சார்?"

"தன் புருஷன் எச்சரிக்கை பண்ணினானான்னு கேக்கறா. வழிகாட்டி சொல்லாம இருந்தா அது அந்த வீட்டுக்கே அவமானமாம்."

அவர் பதில் சொல்லும்வரை நான் காத்திருக்கவில்லை. இரண்டு கையையும் விரித்து நின்று, "அபுனாய், அபுனாய்" என்றேன். நகர்த்திவிட்டதையும் செய்து காட்டினேன். அவள் நெற்றி தரையில் படும்படி என்னைக் கும்பிட்டாள்.

முகாமுக்குத் திரும்பிய இரண்டாம் நாள் விசாரணை. வெளியிலிருந்து ஒரு மேஜர் வந்திருந்தார். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். பட்டாளத்தில் அதுவரை எந்த ஆபீஸர் முன்னாலும் நான் நாற்காலியில் உட்கார்ந்தது கிடையாது. டீ வந்தது. நான் தமிழில் சொன்னேன். சுந்தரேசன் இங்கிலீஷில் சொல்லி, அவரே டைப்பும் அடித்தார். கையை விரித்தது, நகர்த்திவிட்டது, கயிறு, ஆணி எல்லாம் சொன்னேன். நான் கால்மணி நேரம் சொன்னது அவர் கையில் அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. இங்கிலீஷ் சுருக்கமான பாஷை என்று நினைத்துக்கொண்டேன். தமிழில் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு மாதம் கழித்து விறகு லாரியோடு அந்த ஊருக்குப் போனேன். பட்டாளத்து ஆட்கள் இனி அந்த மலைக்குப் போகக் கூடாது என்று உத்தரவாகியிருந்தது. விடுதிகள் மூடிக் கிடந்தன. ஒகாமோட்டோவின் மனைவி வாய்க்காலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்தாள். நான் கும்பிட்டேன். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு, என்னைத் தாண்டி, எதிரில் ஆளே இல்லாததுபோல் நடந்து போனாள். துக்கம் என்று எண்ணிக்கொண்டேன்.

வருஷம் முடிவதற்குள் என்னை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சண்டை முடிந்துவிட்டது, ஆட்களைக் குறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். பம்பாய்க்கு வந்து, பட்டாளத்துக்கு பூட்ஸ் தைக்கிற இடங்களில் வேலை கேட்டால், என் காகிதத்தைப் பார்த்தவுடன் திருப்பிக் கொடுத்தார்கள். நாலைந்து இடத்தில் இப்படி ஆன பிறகு, எங்கள் சந்தில் இருந்த அந்தோணி அண்ணனிடம் கொண்டுபோனேன். மில்லில் டைம்கீப்பர், நன்றாக இங்கிலீஷ் படிப்பார்.

படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலேய், ஒன்னை வேலை சரியில்லன்னு தள்ளியிருக்கான். பின்னால ஒன் வாக்குமூலம்னு ஒரு நகல் இருக்கு. 'ஆணி சரியாப் பிடிக்கலைங்கிறது எனக்குத் தெரியும்'னு நீ சொன்னதா இருக்கு."

"நான் அப்படிச் சொல்லலண்ணே."

"இன்னும் இருக்கு. 'கூட வந்த உள்ளூர்க்காரன் ஆபத்துன்னு ஒரு வார்த்தையும் சொல்லல.' கீழ ஒன் கையெழுத்துதானடா?"

என் கையெழுத்துதான். அந்த ஊர் ஆபீஸில் அதை ஜப்பானிய பாஷையில் வாசித்துக் காட்டியிருப்பார்கள். என் பேரையும் சேர்த்துத்தான் வாசித்திருப்பார்கள். முள்ளங்கிக் கூடையோடு அவள் ஏன் அப்படிப் போனாள் என்று அப்போது விளங்கியது.

சுந்தரேசனும் திரும்பி வந்து, பம்பாய்க் கோட்டைப் பக்கம் ஒரு பெரிய ஆபீஸில் வேலையாக இருந்தார். அந்த வேலைக்கு கேப்டன் சிபாரிசுக் கடிதம் கொடுத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. மாதுங்காவில் வீட்டைக் கண்டுபிடித்து மாடிப்படி ஏறினேன். என்னைக் கண்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு, "ஆத்துல விருந்தாளி இருக்கா. வா, கீழே போலாம்" என்று கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப்போனார். இரண்டு காப்பி சொன்னார்.

காகிதத்தை மேஜைமேல் வைத்தேன். "இத நானா சார் சொன்னேன்?"

எடுத்துப் பார்க்கவில்லை. "இசக்கி, அந்த மேஜர் என்ன எழுதணும்னு தீர்மானம் பண்ணிண்டுதான் வந்தார். ஒரு வெள்ளைக்காரன் பிடிவாதத்தாலே ஒரு ஆள் செத்தான்னு நான் டைப் அடிக்க முடியுமா?"

"அவரு கைய விரிச்சு நின்னாரே. அபுனாய்னாரே."

"அபுனாய்னா ஜாக்கிரதைன்னு அர்த்தம். போகாதேன்னு அர்த்தமில்லே."

"மழைக்குப் பொறவு அவரே போவலன்னு நீங்கதான எங்கிட்ட சொன்னீங்க?"

காப்பியை ஆற்றினார். வெகுநேரம் ஆற்றினார். "செத்தவனுக்கு எது எழுதினா என்ன? உசிரோட இருக்கறவா பாடுதான் பாடு. நீ ஏன் கையெழுத்துப் போட்டே? வாசிச்சுக் காட்டுங்கோன்னு கேட்டியோ?"

கேட்கவில்லை. நாற்காலி போட்டிருந்தார்கள். டீ கொடுத்தார்கள். ஹவில்தார் கிளார்க் என் பக்கத்து ஊர்க்காரர். கேட்கத் தோன்றவே இல்லை.

"இப்ப எழுதுங்க சார். நடந்தத நடந்தபடி எழுதிக் குடுங்க. நான் அனுப்புதேன்" என்றேன்.

"யாருக்கு அனுப்புவே? அந்த சர்க்காரே கப்பல் ஏறிப் போயிடுத்து. கேப்டனும் போயாச்சு." கொஞ்சம் யோசித்தார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டார் என்றே நினைக்கிறேன். "சரி, பெரிய ஆபீஸருக்கு ஒரு மனு எழுதித் தரேன். ஞாயித்துக்கிழமை வா."

ஞாயிற்றுக்கிழமை டைப் அடித்து வைத்திருந்தார். அழகான காகிதம். "எல்லாம் இருக்கு. கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்றார். இந்த முறை நான் அங்கே கையெழுத்துப் போடவில்லை. நேரே அந்தோணி அண்ணனிடம் போனேன். அவர் வரிவரியாகத் தமிழில் சொன்னார்.

'அனுபவம் போதாமையால் ஆணி அடித்ததில் நேர்ந்த பிழையை ஒப்புக்கொள்கிறேன். உள்ளூர் ஆள் எச்சரிக்காததும் விபத்துக்குக் காரணம். யுத்தகாலம் முழுவதும் விசுவாசமாக உழைத்தவன். குடும்பஸ்தன். கருணை கூர்ந்து ஒரு வேலை கொடுத்து உதவ வேண்டும்.'

அந்தோணி அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "கிழிச்சிப் போட்டுருவமா?" என்றார்.

ஊருக்கு வந்து பத்து மாதம் ஆகியிருந்தது. ஷெட்டில் வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை. வீட்டில் மூன்றாவது பிள்ளை பிறந்து பதினெட்டு நாள். மனுவில் இருந்ததில் குடும்பஸ்தன் என்ற ஒரு வார்த்தை மட்டும் பொய் இல்லை.

"பேனா இருக்காண்ணே?" என்று கேட்டேன்.

அவர் எடுத்துக் கொடுத்தார். கையெழுத்துப் போட்டு, உறையை ஒட்டி, தபால் ஆபீஸுக்கு நானே நடந்து போய்ப் போட்டேன்.

மூன்றாம் மாதம் உத்தரவு வந்தது. செம்பூருக்கு அப்பால் ஒரு பட்டாளக் கிடங்கில் பூட்ஸ் பிரிவு. நிரந்தர வேலை. இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.